கழுதைக்குப் பதிலாக ஒரு குதிரை

"ரெண்டுலயும் நான் தூங்கி எழுந்த மாதிரிதான் இருக்கேன். மூணாவதா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

சாப்பாட்டு மேசையில் அவளுடைய படங்கள் இரண்டு அருகருகே கிடந்தன. முந்தின நாள் கேமராக் கடையில், காட்சிக்கு வைத்திருந்த இரண்டு கேமராக்களிலும் கடைக்கார அம்மாள் அவளை நிற்கவைத்து எடுத்தவை. துவைத்த துணி வாளியை இடுப்பில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள்.

"மூஞ்சியப் பாக்காதே. தோலோட நிறத்தைப் பாரு, நிழலைப் பாரு. எது தெளிவு? இதுவா, அதுவா?" என்றார் கணவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்குக் கண் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்க ஊராரிடம் கேட்கிற அதே கேள்வியை வீட்டில் ஒருவர் தன்னிடமே கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"ஒரு விஷயம் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. ரொம்ப யோசிக்கிறவங்களுக்கு நாங்க ஒரே கண்ணாடியக் கழட்டி, மறுபடி அதையே மாட்டுவோம். 'ஆங், முன்னாடி இருந்ததுக்கு இது எவ்வளவோ தேவலை'ம்பாங்க."

"அவங்களுக்குக் கண்ணு சரியில்ல, அதான் உங்ககிட்ட வர்றாங்க. நான் கண்ணை வச்சே பொழைக்கிறவன்."

"சரி, பொழைங்க. எதையாவது ஒண்ண வாங்குங்க. ஆனா ஒண்ணே ஒண்ணுதான். பீரோவுல இருக்கிறது துணி துவைக்கிற மெஷினுக்குச் சேர்த்த பணம். தப்பா வாங்கிட்டு வந்தீங்க, இந்த வாளி இனிமே உங்க இடுப்புலதான்."

தொழிலில் அவரை எல்லாரும் முரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இடது பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், வலது பக்கம் போய் நின்று எடுத்துக் காட்டுகிறவர். எடுத்தது நன்றாகவும் இருக்கும். அதனால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை, பெயர் வைப்பதைத் தவிர.

அந்த முரண்டுதான் அவரை வேலையிலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டது. கட்டில், நாற்காலி, அலமாரி விற்கிற கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் இருந்தார். அந்த முதலாளிக்கு எந்தப் பொருளையும் வெறுமனே வைக்க மனசு வராது. சோபாவுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, ரிமோட்டுக்குப் பாலிதீன் பை, கேமராவுக்கு ரப்பர் சட்டை, வரவேற்பு மேசைப் பெண்ணின் நாற்காலிக்கு வாங்கின அன்று சுற்றி வந்த அதே தாள். ஒருநாள் மழையில், புதுக் குடை நனையக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் ஓடியவர் அவர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'உறை' என்பார்கள்.

அங்கே இருந்தது நீலம். லென்ஸைச் சுற்றி நீல வளையம் இருப்பதால் அந்தக் கம்பெனிக் கேமராவுக்கு அந்தப் பெயர். எதிர்க் கம்பெனிக்குப் பச்சை வளையம். படக்காரர்கள் உலகத்தில் இந்த இரண்டு கட்சிதான். இரண்டுமே பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம், இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் நீலக்காரன் வீட்டில் பச்சைக்காரன் தண்ணீர்கூடக் குடிக்க யோசிப்பான்.

முரண்டு அந்த நீலத்தோடு வருடக் கணக்காக மல்லுக்கட்டினார். பிடி கையில் நிற்காது. பட்டனை அமுக்கினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே போகும். பின்பக்கத் திரையில் வெள்ளைச் சுவர் பழுப்பாகத் தெரியும். "வேற கேமரா வாங்கிக் குடுங்க" என்று கேட்கப் போனார்.

"கேமராவுக்கு ஒண்ணும் இல்ல. கைதான் சரியில்ல" என்றார் உறை.

அவ்வளவுதான். ஆபீஸே எழுந்து நின்று பார்க்க, கேமராவை முதலாளியின் மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"இந்தக் கழுதைய நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. இனிமே நீலத்தை இந்தக் கை தொட்டா, கைய வெட்டிப் போட்டுடறேன்!"

"ஒரு மாசம் தாங்கமாட்டே. வேலை குடுங்கன்னு இதே மேசை முன்னாடி வந்து நிப்பே."

"வருவேன். வேலை கேட்டு இல்ல. என் சொந்தக் கேமராவை இதே மேசைமேல வச்சுக் காட்டிட்டுப் போக வருவேன்!"

வாய் விட்டுச் சொல்லியாகிவிட்டது. இனி அதைச் செய்து காட்டாவிட்டால் வேறு ஊருக்குத்தான் குடிபோக வேண்டும். அதிர்ஷ்டவசமாக, ஒரு சோபாக் கம்பெனிக்காரர், "ஸ்டுடியோவை விட்டுட்டீங்களாமே, எங்க புதுச் சரக்கை நீங்களே தனியா எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டிருந்தார். அதை ஒழுங்காக முடித்தால் தனிக்கடை. சொதப்பினால் உறை முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆக, நீலம் கிடையாது. பச்சைதான். பச்சையே உயர்ந்தது என்று மனைவி வாயால் வரவழைக்கத்தான் அந்த இரண்டு படங்களும். அவள் அப்படிச் சொல்லவில்லை என்றாலும் முரண்டு பீரோச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது.

மைத்துனன். மனைவியின் தம்பி. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவன் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் பக்கத்து வீட்டுப் பூனையுடையது, அதிலும் வால்தான் விழுந்திருந்தது. ஆனால் உலகத்தில் வெளிவந்த கேமரா விமர்சன வீடியோ ஒன்று விடாமல் பார்த்திருப்பான்.

"மாமா! பச்சைதானே வாங்கப் போறீங்க? கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க. நீலமெல்லாம் செத்த கம்பெனி. பச்சைல பாருங்க, மனுஷன் மூஞ்சிய அதுவே தேடிக் கண்டுபிடிச்சுடும். நீங்க சும்மா பின்னாடி நின்னாப் போதும்."

"சும்மா நிக்கிறதுக்கா நான் தொழிலுக்கு வந்தேன்?"

"வாங்கிட்டு நீங்களே சொல்வீங்க பாருங்க, மச்சான் அன்னைக்கே சொன்னான்னு."

முரண்டு கையிலிருந்த சாவியைப் பார்த்தார். இந்த வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் இவன் சொல்லித்தான் வாங்கியது. இன்றுவரை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வந்தாலும், "எப்படி இருக்கு பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்பான். அது வெறும் தண்ணீர். இது தொழில். ஒவ்வொரு படத்துக்கும் வந்து நிற்பானே!

அவன் போன பிறகு சாவியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"நீலத்தை வாங்கினா அந்த உறை சிரிப்பான். பச்சைய வாங்கினா உன் தம்பி சிரிப்பான்."

"அப்ப படம் வரைஞ்சு குடுத்துடுங்க."

முரண்டு அசரவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராக் கடையில் பச்சையை வாடகைக்கு எடுப்பது. வாடகைக்கு எடுத்தால் வாங்கினதாக ஆகாது, மைத்துனனுக்கும் தெரியவேண்டியதில்லை. சோபா வேலையை முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு, அப்புறம் நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

சோபாக் கம்பெனியின் காட்சிக் கூடம் விசாலமானது. நடுவில் புதுச் சோபா. பின்சுவரில் சோபாக்காரருடைய மறைந்த தகப்பனாரின் பெரிய படம், முறுக்கிவிட்ட மீசையோடு. அந்தப் படத்தை அகற்றக் கூடாது, கம்பெனியை ஆரம்பித்தவர் அவர்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் என்ன? சோபா பளிச்சென்று விழட்டும், பின்சுவர் மங்கலாகப் போகட்டும் என்று கேமராவைத் திருத்தி வைத்து, வரிசையாக எடுத்துத் தள்ளினார்.

எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டபோது சோபாக்காரர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"எங்கப்பா மீசைய மயிர் மயிரா எண்ணலாம் போலிருக்கு. சோபா எங்க?"

சோபா பனிமூட்டத்தில் இருந்தது. எல்லாப் படத்திலும் அப்படித்தான். மூஞ்சியைத் தேடுகிற கேமரா, கூடத்தில் இருந்த ஒரே மூஞ்சியைக் கண்டுபிடித்து விசுவாசமாக அதையே பிடித்து வைத்திருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி, அந்தத் தேடுதலை நிறுத்தும் இடத்தைத் தேடினார். பச்சையின் மெனுப் பட்டியலில் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஏழு கதவு. முரண்டு வியர்த்துப்போனார். கடைசியில் தன் தோள் துண்டை எடுத்துத் தகப்பனார் முகத்தின்மேல் போட்டார்.

"யோவ்! யார் மூஞ்சிய மூடறே? அவர் இல்லேன்னா இந்தக் கட்டடமே இல்ல!"

"ஒரே ஒரு படத்துக்குத்தாங்க..."

ஒரே ஒரு படம் எடுத்தார். மூஞ்சி கிடைக்காமல் தவித்த கேமரா, சோபா ஓரத்தில் இருந்த திண்டில் இரண்டு பொத்தானும் அதற்குக் கீழே ஒரு மடிப்பும் பார்த்தது. சட்டென்று அதைச் சுற்றிக் கட்டம் போட்டது.

"இப்ப யாரை எடுக்குது?" என்றார் சோபாக்காரர்.

"திண்டை."

வேறு வழியில்லை. அவமானத்தை விழுங்கிக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய் மைத்துனனுக்குப் போன் செய்தார்.

"அந்தப் பச்சைல... மூஞ்சி தேடுறதை நிறுத்துறது எப்படிடா? சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

மறுமுனையில் ஒரே கூச்சல்.

"மாமா! பச்சை கைல இருக்கா? அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா? நான் அன்னைக்கே சொன்னேன்ல! அதை எதுக்கு நிறுத்தணும்? அதுதானே அதோட அழகே!"

முரண்டு போனை வைத்துவிட்டார். திரும்பியபோது சோபாக்காரர் துண்டை மடித்துக் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு ஒரு தடவை வாங்க. சோபா சோபாவா விழுந்தா சரி. இல்லேன்னா வேலைய உங்க பழைய ஸ்டுடியோவுக்கே குடுத்துடறேன். வருத்தப்படாதீங்க."

வருத்தப்படவில்லை. கொதித்தார். நேராகக் கேமராக் கடைக்குப் போய்ப் பச்சையை மேசைமேல் வைத்தார்.

"இது என்னைவிட முரண்டு பிடிக்குதும்மா. எனக்குச் சொன்ன பேச்சைக் கேக்கிற கேமரா வேணும்."

கடைக்கார அம்மாள் நிதானமானவர். "புதுசுல இந்த ரெண்டுதான் சார். உங்க பணத்துக்கு மேல போனா வேற இருக்கு" என்றார். பிறகு பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "கைமாறி வந்த சரக்கும் இருக்கு. பாக்கிறீங்களா?"

நடுத்தட்டில் தனியாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மொழுமொழுவென்று கறுப்பு உடம்பு. பின்னால் கண்ணாடி மாதிரித் திரை. முரண்டு எட்டிப் பார்த்தார். லென்ஸைச் சுற்றி நீல வளையம்.

சபதம் ஞாபகம் வந்தது. கையை வெட்டிக்கொள்வதாகச் சொன்னபோது எந்தக் கையைத் தூக்கினோம் என்று யோசித்தார். இடது கையாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, வலது கையால் எடுத்தார்.

விரல்கள் தாமாகவே போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பட்டன் தொட்டதும் போயிற்று. திரையில் கடைச்சுவர் பால் வெள்ளையாகத் தெரிந்தது.

"நெசமாவே இது நீலம்தானாம்மா?"

"நீலம்தான் சார்."

"நான் வச்சிருந்த நீலம் இப்படி இல்லியே! அது கழுதை. இது குதிரை."

"பழைய சரக்குன்னு சொன்னாத்தான் தெரியும். உடம்புல ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்."

கீறல் இல்லை. அடிப்பக்கத்தில் எள்ளளவு சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது, கடையின் அடையாளமாக இருக்கும். முரண்டு உள்ளே பட்டியலைத் திறந்து பார்த்தார். திறந்தவர் அசந்து நின்றார். கட்டைவிரல் பட்டனில் ஃபோகஸ், சத்தம் இல்லாத ஷட்டர், திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு. அவர் எப்படி வைத்துக்கொள்வாரோ அச்சு அசல் அப்படியே.

"இதை வச்சிருந்தவன் சாதாரண ஆளில்லம்மா. வித்தை தெரிஞ்சவன். இப்படி ஒருத்தன் இருக்கான்னே எனக்குத் தெரியாமப் போச்சே. யாரு அவரு?"

"எங்க ஆளு வாங்கி வச்சது சார். யாருதுன்னு நான் கேக்கல."

"பாத்தா அவர் கையப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும்" என்றபடி பணத்தை எடுத்து வைத்தார்.

வீட்டில் மனைவி நீல வளையத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கைய வெட்டிக்கிறதாச் சொன்னீங்களாமே?"

"இடது கைதான்."

"நல்லது. துணி அலச ஒரு கை போதும்."

விஷயம் கேள்விப்பட்டு மைத்துனன் ஓடி வந்தான். "நீலமா? போயும் போயும் செத்த கம்பெனியா? நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணியிருக்கீங்க மாமா!" என்று தலையில் கை வைத்தான். முரண்டு காதில் தேன் பாய்ந்தது. அவனுக்குத் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் நீலம் சொன்னதைச் செய்தது. சோபாவைப் பார் என்றால் சோபாவைப் பார்த்தது. தகப்பனார் பின்னால் மரியாதையாக, மங்கலாக, புன்சிரிப்போடு நின்றார். சோபாக்காரர் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "மெத்தைக்கும் நீங்களே எடுத்துடுங்க" என்றார். முரண்டுவுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, லென்ஸைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார். இனி யார் முன்னாலும் போய்க் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

ஆனால் சொன்ன சொல் ஒன்று பாக்கி இருந்தது. மாசம் முடிவதற்குள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய ஸ்டுடியோவுக்குப் போனார்.

வரவேற்பு மேசைப் பெண் எழுந்தாள். நாற்காலித் தாள் சரசரவென்றது. "அண்ணே! வாங்கண்ணே!" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்கவே பின்னாலேயே உள்ளே வந்தாள்.

உறை பிளாஸ்டிக் விரித்த மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"வந்துட்டியா? நான்தான் சொன்னேனே. உக்காரு, வேலை இருக்கு."

"உக்கார வரல!" முரண்டு கேமராவை எடுத்து, அன்று கழுதையை வைத்த அதே இடத்தில் வைத்தார். "நல்லாப் பாத்துக்கங்க. கை சரியில்லன்னீங்களே? அதே கைதான். இதுவும் நீலம்தான். ஆனா நல்ல கலைஞன் ஒருத்தன்கிட்ட வளர்ந்த நீலம். உங்க கழுதைலயும் இதுலயும் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்க, பொருளைச் சரியா வச்சுக்கிற ஆளுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்!"

உறை கேமராவைக் கையில் வாங்கினார். கண்ணில் வைத்துப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். திரையைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறாமை ஏறியது.

"பிரமாதமா இருக்கே. நம்மகிட்ட இருந்தது இப்படி இல்லியே."

"எப்படி இருக்கும்?"

"இந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இருந்திருந்தா நான் எதுக்கு இருந்ததை வந்த விலைக்குத் தள்ளிட்டுப் பச்சைக்கு மாறப்போறேன்? அந்தப் பச்சை பாரு, அலமாரிய எடுன்னா கதவுக் கைப்பிடிய மூஞ்சின்னு நினைச்சுக்குது." அவர் கேமராவை மனமில்லாமல் கீழே வைத்தார். "நல்ல பொருள். ஒரு ரப்பர் சட்டை போட்டுடு. கெடாது."

"என் குதிரைக்குச் சட்டையெல்லாம் வேண்டாம்!" என்றார் முரண்டு. நெஞ்சு நிமிர்ந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காக அவர் எத்தனை வாளி வேண்டுமானாலும் சுமக்கத் தயார்.

வரவேற்பு மேசைப் பெண் கேமராவைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரல் நகங்களைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்தச் சிவப்பு என் நகப்பூச்சுண்ணே. நீங்க போன மறுநாள், கடையில விக்கிறதுக்காக அந்தக் கழுதையோட ரப்பர் சட்டையையும், திரைமேல இருந்த பழுப்பேறின பிளாஸ்டிக் தாளையும் உரிச்சேன்ல, அப்ப ஒட்டினது."